கயலாமியில் ஆயில் வெப்பத்தை 118 பாகையில் நிறுத்தியது எப்படி: ஒரு டொயோட்டா 86 வேலைக் குறிப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர் ஓடி, ஜொகானஸ்பர்க் அருகேயுள்ள கயலாமி பந்தயத்தடத்தில் இருபது நிமிட ஓட்டங்களை முழு வேகத்தில் முடித்துவிட்டு, தன் சக்கரத்திலேயே வீடு திரும்பும் நிலைக்கு என் டொயோட்டா 86 இப்போது வந்திருக்கிறது. கடைசியாக ஓட்டியபோது எஞ்சின் ஆயிலின் வெப்பம் 118 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறவில்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன் அதே தடத்தில், தைப்பூசம் கழிந்த பிப்ரவரி வெயிலில், ஆறாவது சுற்றிலேயே அது 137 பாகையைத் தொட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் செய்த வேலைகளையும், அவற்றில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதையும் வரிசையாக எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் ஆயிலை ஊற்றுவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆயிலின் மட்டம், வெப்பம், அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஒரே முறையில் அளந்து எழுதி வைப்பதுதான் இதில் முதல் வேலை என்பது என் முடிவு.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்ஏ20 என்னும் இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின். சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் இருக்கும். நிமிடத்துக்கு 7,400 சுழற்சி வரை ஏறும். ஃபில்டரோடு சேர்த்து 5.4 லிட்டர் ஆயில் கொள்ளும். டொயோட்டா பரிந்துரைப்பது 0டபிள்யூ-20 ஆயில் (முதல் எண் குளிரிலும் பின் எண் சூட்டிலும் ஆயிலின் தடிப்பைக் குறிக்கும்). சாலையில் ஓட்டுவதற்கு அதில் எந்தக் குறையும் நான் கண்டதில்லை. டாஷ்போர்டில் நீரின் வெப்பத்தைக் காட்டும் முள் மட்டுமே உண்டு. அழுத்தத்திற்கு இருப்பது ஒரு சிவப்பு விளக்கு. அது எரியும் அளவுக்கு அழுத்தம் விழுந்துவிட்டால், எஞ்சினின் சுழல் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு நேர வேண்டியது பெரும்பாலும் நேர்ந்து முடிந்திருக்கும்.

எனவே முதலில் அளவிகளைப் பொருத்தினேன். ஆயில் வெப்பத்தை அறியப் புதிய சென்சார் தேவைப்படவில்லை. எஞ்சின் கணினியே அதை அறிந்து வைத்திருக்கிறது. காரின் கணினியோடு இணைக்க உதவும் ஓபிடி துளையில் செருகும் சிறிய புளூடூத் கருவியும் கைப்பேசிச் செயலியும் சேர்ந்து அதைப் படித்துப் பதிவும் செய்துவிடுகின்றன. இதற்கான செலவு 450 ராண்ட். அழுத்தத்துக்குத்தான் தனியாக ஒரு சென்டர், அதாவது அழுத்தத்தை உணர்ந்து அளவிக்கு அனுப்பும் கருவி, வாங்க வேண்டியிருந்தது. சிவப்பு விளக்குக்கான சுவிட்ச் இருக்கும் துளையில் அதைப் பொருத்த வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பானியக் கார்களில் அந்தத் துளையின் மரை 1/8 அங்குல பிஎஸ்பிடி வகை. கடையில் கிடைக்கும் சென்டர்களில் பெரும்பாலானவை 1/8 அங்குல என்பிடி வகை. முன்னதில் அங்குலத்துக்கு 28 மரைகள், பின்னதில் 27. இரண்டு மூன்று சுற்று வரை ஒன்றுக்குள் ஒன்று தாராளமாக ஏறும். அதற்குப் பின் இறுக்கினால் அலுமினிய உடலின் மரை கிழியும் அல்லது துளை விரிசல் காணும். பித்தளையில் ஒரு மாற்று இணைப்பு 140 ராண்டுக்குக் கிடைக்கிறது. அத்துடன் ஒரு முழ நீளமுள்ள எஃகுப் பின்னல் ஹோஸும் வாங்கி, சென்டரை எஞ்சினில் தொங்கவிடாமல் பானட்டுக்குள் உடற்சுவரில் கிளிப் போட்டு நிறுத்தினேன். கனமான சென்டர் நேரடியாக எஞ்சினில் நின்றால் அதிர்வில் பித்தளைக் கழுத்து ஒடிந்துபோகும். ஒடிந்தால் சில நொடிகளில் ஆயில் முழுவதும் வெளியே வந்துவிடும்.

அளவி பொருத்திய பின் 0டபிள்யூ-20 ஆயிலோடு கயலாமியில் எடுத்த பதிவுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் மைன்ஷாஃப்ட் இறக்கத்தைப் போல உயர ஏற்ற இறக்கங்கள் அதிகம். எஞ்சின் 5,000 சுழற்சிக்குக் கீழே இறங்கி இளைப்பாறும் இடங்கள் குறைவு. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி டர்பனில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு வரை குறைவு. எஞ்சினின் சக்தி குறைவதைப் போலவே ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றும் திறனும் அங்கே குறைகிறது. நீரின் முள் நடுவிலேயே அசையாமல் நின்றபோது ஆயில் 137 பாகைக்குப் போயிருந்தது. நீரின் முள்ளை மட்டும் பார்த்து ஓட்டுபவர் எதையும் அறிந்திருக்க மாட்டார். 100 பாகையில் 6,000 சுழற்சிக்கு 5 பார் (அழுத்த அலகு) காட்டிய அழுத்தம், இந்த வெப்பத்தில் 3.7 பாராக இறங்கியது. நீண்ட வலது வளைவு ஒன்றில் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரு நொடிக்கு 2.3 பார் வரை சரிந்து மீண்டது. அந்தச் சரிவு வெப்பத்தால் மட்டும் வரவில்லை என்பது, அது எப்போதும் ஒரே இடத்தில் நேர்ந்ததிலிருந்து தெரிந்தது.

முதல் மாற்றம் ஆயிலில்தான். 100 பாகையில் 20 எண் ஆயிலின் பாகுத்தன்மை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும். 30 எண்ணுக்கு அது 9.3 முதல் 12.5 வரை, 40 எண்ணுக்கு 12.5 முதல் 16.3 வரை. ஆனால் டப்பாவின் முன்பக்க எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. 5டபிள்யூ-30 என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான ஆயில்கள் விற்கப்படுகின்றன. பின்பக்கத்தில் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கம்) தரக்குறியாக ஏ3/பி4 அல்லது சி3 என்று அச்சிட்டிருந்தால், 150 பாகையில் கடும் உராய்வின்போது அதன் பாகுத்தன்மை 3.5 மில்லிபாஸ்கல்-நொடிக்குக் குறையாது என்று பொருள். ஏ5/பி5 என்றிருந்தால் அது எரிபொருள் சிக்கனத்துக்காக மெலிதாக்கப்பட்டது. தடத்துக்கு முதல் வகைதான் வேண்டும். ஐந்து லிட்டர் டப்பா 1,050 ராண்ட், கூடுதலாக ஒரு லிட்டர் 240 ராண்ட். 5டபிள்யூ-40 ஊற்றலாம் என்று சொன்னவர்களும் உண்டு. குளிர்காலத்தில் ஜொகானஸ்பர்க் பகுதியில் விடியற்காலை வெப்பம் பூச்சியத்தை ஒட்டி நிற்கும்போது காரை இயக்க வேண்டியிருப்பதாலும், வெப்பத்தைக் குறைக்க முடிந்தால் அவ்வளவு தடிப்பு தேவைப்படாது என்று தோன்றியதாலும் 30லேயே நின்றேன்.

புதிய ஆயிலால் 130 பாகையில் அழுத்தம் 4.3 பாராக உயர்ந்தது. வெப்பம் மட்டும் இம்மியும் குறையவில்லை, 136 வரை போனது. ஆயிலை மாற்றினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்குமே தவிர வெப்பம் குறையாது என்பதை இந்த ஓட்டம் காட்டியது. 130 பாகையைத் தாண்டியவுடன் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற்றிக்கொண்டு மீண்டும் வேகமெடுக்கும் பழக்கத்தோடு சில மாதங்கள் கழிந்தன. தடத்துக்கு எப்போதாவது ஒருமுறை செல்பவருக்கு அதுவே போதும், மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆயிலைக் காற்றால் ஆற்றும் ஆயில் கூலரைப் பொருத்தும் வேலை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் கொட்டகையில் நடந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கையில் ஸ்பேனரோடு இருப்பவர். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றுதான் அழைப்போம். இந்த எஞ்சினில் ஃபில்டர் மேலே, பானட்டைத் திறந்தவுடன் கைக்கு எட்டும் இடத்தில், வாய் கீழே பார்த்தபடி நிற்கிறது. அரைச் சுற்று தளர்த்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் அதற்குள் இருக்கும் ஆயில் தானாகவே எஞ்சினுக்குள் இறங்கிவிடும். பிறகு கழற்றும்போது துணியில் சில சொட்டுகள்தான் படும். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் தட்டு ஒன்று உட்காருகிறது. 80 பாகை வரை ஆயிலில் ஒரு சிறு பகுதியை மட்டுமே அது கூலருக்கு அனுப்பும். அதற்குப் பின் மெல்லத் திறந்துகொள்ளும். தெர்மோஸ்டாட் இல்லாத தட்டு 700 ராண்ட் மலிவாகக் கிடைத்தது. காரைச் சாலையிலும் ஓட்டுபவர்கள் அதை வாங்க வேண்டாம். குளிர்காலத்தில் என்3 வழியிலுள்ள வான் ரீனன் கணவாயில் ஏறும்போது ஆயில் 70 பாகையிலேயே நின்றுவிட்டால் அதில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேற வழியிருக்காது.

கூலர் 19 வரிசை கொண்டது. ஹோஸ்கள் ஏஎன்-10 அளவு, அதாவது பெயரளவில் 5/8 அங்குலம். ஹோஸ்களை வெட்டுவதற்கு முன் சாதாரணத் தோட்டக் குழாயை வைத்து வழியைப் பார்த்து, பெல்ட்டிலிருந்து குறைந்தது மூன்று விரல் இடைவெளி இருக்கும்படி அமைத்தோம். எஃகுப் பின்னல் ஹோஸ் தான் உரசும் எதையும் அரம் போல ராவிவிடும் என்பதால், அது தொடக்கூடிய இடங்களிலெல்லாம் பழைய ரேடியேட்டர் ஹோஸைப் பிளந்து உறையாகப் போட்டோம். வெட்டிய ஹோஸினுள் ரப்பர்த் துகள்கள் கட்டாயம் இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறை படியாத வரை அதையே திரும்பச் செய்தோம். இந்தத் துகள்கள் ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் இருந்தால் அவை நேராக பேரிங்குக்குத்தான் போகும்.

எல்லாம் பொருத்திய பின் எஞ்சினை உடனே இயக்கவில்லை. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அழுத்த முள் அசையும் வரை ஸ்டார்ட்டரைப் பத்து நொடி, பத்து நொடியாக இடைவெளி விட்டுச் சுழற்றினோம். கூலரும் ஹோஸ்களும் 600 மில்லிலிட்டர் ஆயிலை விழுங்கிக்கொண்டன. ஒவ்வோர் இணைப்பின் மீதும் இறுக்கிய பின் வெள்ளைப் பெயின்ட்டால் நேர்கோடு ஒன்று இழுத்திருக்கிறேன். கோட்டின் இரு பாதிகளும் விலகியிருந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்பது டார்ச் வெளிச்சத்தில் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். தடத்தில் ஆயில் சிந்தினால் நம் காருக்கு மட்டுமன்றிப் பின்னால் வருபவரின் உயிருக்கும் ஆபத்து.

இவ்வளவு செய்தும் அடுத்த ஓட்டத்தில் வெப்பம் 129 பாகை வரை போனது. எதிர்பார்த்ததில் பாதிகூட இறங்கவில்லை. கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் நல்ல இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. காற்றுக்குக் குறுகிய துடுப்புகளுக்குள் நுழைவதைவிடச் சுற்றிப் போவது எளிது. மாமா ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் நான்கு பக்கமும் மடித்து, பம்பரின் திறப்பிலிருந்து கூலர் வரை ஒரு பெட்டி செய்து, விளிம்புகளில் கதவுக்கு ஒட்டும் நுரை ரப்பரை ஒட்டினார். கல் அடிக்காமலிருக்க முன்னால் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை. தகட்டுக்கும் நுரைக்கும் ஆன செலவு 210 ராண்ட். வெப்பம் 119க்கு இறங்கியது. 6,800 ராண்ட் கொடுத்த கூலர் தொகுதி சாதித்ததைவிட அதிகமாக இந்தத் தகடு சாதித்தது. தகடில்லாமல் கூலர் பொருத்தி விற்கும் கடைகள் எத்தனையோ இருப்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எஞ்சியது அந்த வலது வளைவுச் சரிவு. சாய்த்த தாம்பாளத்தில் நீர் ஒரு பக்கமாக ஒதுங்குவதைப் போல, நீண்ட வளைவில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பிலுள்ள ஆயில் வெளிப்பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாயின் வாய் ஒரு கணம் காற்றை இழுக்கிறது. பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர் தலைகள் இரு ஓரங்களிலும் தாழ்வாக இருப்பதால் அங்கே போன ஆயிலும் வளைவு முடியும் வரை திரும்பி வருவதில்லை. இதற்கு சம்ப்புக்குள் தடுப்புத் தகடு ஒன்று போட வேண்டும். விலை 2,300 ராண்ட்.

சம்ப்பைக் கழற்றுவதுதான் இந்த வேலை முழுவதிலும் அதிகப் பொறுமை கேட்ட கட்டம். கேஸ்கட் கிடையாது. சீலன்ட்டால் ஒட்டியிருக்கிறது. பழைய சீலன்ட்டைச் சுத்தம் செய்ய உராய்வுத் தட்டைச் சுழலியில் மாட்ட நான் எடுத்தபோது மாமா கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, அந்தத் தூள் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் பேரிங் போச்சு. பிளாஸ்டிக் கத்தியை எடு, பொழுது போனால் போகட்டும்” என்றார். முழு மாலையும் அதில்தான் போனது. புதிய சீலன்ட்டைத் தீக்குச்சிக் கனத்துக்கு ஒரே கோடாக, ஒவ்வொரு போல்ட் துளையின் உட்புறமாகச் சுற்றி இட்டோம். கூடுதலாகப் பூசினால் அது உள்ளே பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து, உறிஞ்சு குழாயின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆயில் ஊற்றும் முன் முழுதாக ஒரு நாள் காய விட்டோம். ட்ரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டு 42 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினோம். தகடு போட்ட பின் அதே வளைவில் அழுத்தம் 3.5 பாருக்குக் கீழே போகவில்லை.

இனி மட்டம். ஆயில் மட்டத்தை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர். தடத்தில் கீழ்க்கோட்டருகே ஓடும் எஞ்சினுக்கு மேலே சொன்ன தடுப்புத் தகடும் உதவாது. ஆனால் எஞ்சினை நிறுத்திய ஒரு நிமிடத்தில் பார்த்தால் ஒரு மட்டமும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அரை லிட்டர் வரை கூடுதலான மட்டமும் காட்டும். தலைகளிலிருந்து ஆயில் இறங்க அவ்வளவு நேரம் ஆகிறது. அவசரத்தில் முதல் அளவை நம்பி ஊற்றினால் மட்டம் மிஞ்சிவிடும். மிஞ்சிய ஆயிலைச் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் அழுத்தத்தைத் தாங்காது. அதனால் என் முறை இதுதான்: தடத்தின் ஓரம் கார்கள் நிற்கும் பிட்டில் தரை சமமான இடத்தைக் காலையிலேயே தேர்ந்து, தரையில் சாக்பீஸால் சக்கரக் குறி போட்டுவிடுவேன். ஓட்டம் முடிந்தவுடன் மெதுவாக ஒரு சுற்று ஆற்றி, அதே குறியில் நிறுத்தி, சரியாகப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து இரண்டு முறை பார்ப்பேன். மேல்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே என்பதை நோட்டில் எழுதுவேன். என் எஞ்சின் இருபது நிமிட ஓட்டம் ஒன்றுக்கு 100 முதல் 150 மில்லிலிட்டர் குடிக்கிறது. இந்த எண் திடீரென்று இரண்டு மடங்கானால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவேன். ஒரு லிட்டர் டப்பா எப்போதும் காரில் இருக்கும். ஆயில் 80 பாகையைத் தொடும் வரை 4,000 சுழற்சியைத் தாண்டுவதில்லை.

வீடு திரும்பியதும் ஆயிலை மாற்றிவிடுவதே என் வழக்கமாக இருந்தது. அது வீண் செலவா என்று அறிய, ஒரு முறை மாற்றாமல் அடுத்த தட நாள் வரை விட்டுவைத்து, வடிக்கும்போது முதல் லிட்டரை விட்டுவிட்டு நடுவில் ஒரு புட்டி பிடித்து, பைன்டவுனிலுள்ள பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். கட்டணம் 380 ராண்ட். 100 பாகைப் பாகுத்தன்மை 12.0 ஆக இருந்தது 10.3 ஆகக் குறைந்திருந்தது. பெட்ரோல் கலந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அறிக்கை சொன்னது. இரும்பும் ஈயமும் கவலைப்படும் அளவில் இல்லை. சிலிக்கான் மட்டும் உயர்ந்திருந்தது. தூசு உள்ளே போகிறதோ என்று காற்று ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன், சம்ப்பில் புதிதாகப் பூசிய சீலன்ட் முதல் சில மாதங்களில் சிலிக்கானைக் கசியவிடும் என்பதைக் கூடத்தில் விளக்கினார்கள். அடுத்த மாதிரியில் அது பாதியாகக் குறைந்துவிட்டது. ஆகவே இரண்டு தட நாட்களுக்கு ஒரு முறை மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புத் தாளை இடுக்கியில் பிழிந்து வெயிலில் விரித்துப் பார்க்கிறேன். மினுங்கும் துகள் எதுவும் இதுவரை இல்லை. வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், 1994 முதல் இந்நாட்டில் பழைய ஆயிலைச் சேகரிக்க ஏற்பாடு செய்துவரும் ரோஸ் அறக்கட்டளையின் சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிடலாம்.

ஆயில் நீங்கலாக மொத்தச் செலவு 12,400 ராண்டை ஒட்டியது: கூலர் தொகுதி, தடுப்புத் தகடு, சென்டரும் அளவியும், ஓபிடி கருவி, மாற்று இணைப்பு, தகட்டுப் பெட்டி, சீலன்ட் ஆகியவை அதில் அடங்கும். மாமா கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருடைய பக்கிக்கு (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) நான்கு டயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கணக்கில் இல்லை. மீண்டும் ஒரு முறை செய்வதாக இருந்தால் அழுத்த அளவியையும் தடுப்புத் தகட்டையும் முதலில் போடுவேன். கூலரைப் பிறகு, அலுமினியப் பெட்டியோடு சேர்த்தே பொருத்துவேன். ஹோஸ்களுக்கு எஃகுப் பின்னலுக்குப் பதில் துணிப் பின்னல் வாங்குவேன், எடை குறைவு, உரசலும் குறைவு. அடுத்து, அழுத்தம் 2.5 பாருக்குக் கீழே விழுந்தால் கண்ணுக்கு நேரே பளிச்சென்று எரியும் ஒரு விளக்கைச் சென்டரோடு இணைக்க வேண்டியிருக்கிறது. போர்ட் ஷெப்ஸ்டன் அருகேயுள்ள டெஸி தடத்தின் அடுத்த திறந்த நாளுக்குள், கடலோரத்தின் அடர்ந்த ஈரக் காற்றில் அதே கூலர் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பார்ப்பதற்கு முன், அதை முடித்துவிடுவேன்.